நம்ம கெப் வண்டி சொல்லித்தந்த பாடம்

(தோட்ட வாகனக் குழுக்களுக்கும் சாரதிகளுக்கும் நடந்த ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க மேடை என்றால் சம்பளம் பேசுவோம், காணி பேசுவோம், வீடு பேசுவோம். இன்றைக்கு ஒரு பழைய இன்ஜினைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதைப் பேசக் கராஜுக்குப் போகலாமே, சங்கத்துக்கு எதற்கு?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மூன்று டிவிசனுக்கும் சேர்த்து ஒரு கெப் வண்டி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1992 மாதிரி டொயோட்டா ஹைலக்ஸ். டூ-எல் என்கிற டீசல் இன்ஜின். நாலு சிலிண்டர், 2,446 சி.சி., டர்போ கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரைவிட மூத்த வண்டி. மரண உதவிச் சங்கத்தில் மிச்சமிருந்த பணம், தீபாவளி முற்பணத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்த தொகை, கொழும்பில் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் அனுப்பியது எல்லாம் சேர்த்து வாங்கினோம்.

ஏன் வாங்கினோம்? ராத்திரியில் ஒருத்தருக்கு நெஞ்சு வலித்தாலோ, ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டாலோ, லொறி கேட்டு பங்களா வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அம்புலன்ஸ் கூப்பிட்டாலும் கீழ் டிவிசனுக்குப் போகிற கல் பாதையில் அது இறங்க முடியாது. பெரிய ரோட்டு வரைக்கும் ஆளைக் கொண்டுவர நமக்கென்று ஒரு வண்டி வேண்டும். கொழுந்து மூட்டைக்கு நடுவே ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோன காலத்தை இங்கே இருக்கிற பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் வாங்கினோம்.

2023 ஜூலை மாதம், நல்ல மழைக்காலம். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தாய்க்கு வலி கண்டது. போன் சிக்னல் இல்லை. கெப்பில் ஏற்றி நுவரெலியாப் பக்கம் கிளம்பினார்கள். தலவாக்கலைப் பக்கமிருந்து நுவரெலியா போக 600 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் சூட்டு மீற்றரின் ஊசி சிவப்புக்குப் போனது. வண்டியை ஓரங்கட்டலாமா என்று சாரதி அண்ணன் யோசிக்கும்போதே ஊசி மளமளவென்று கீழே இறங்கியது. "சூடு குறைந்துவிட்டது" என்று பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். அந்த அம்மா வலியில் கத்துகிறார். அண்ணன் தொடர்ந்து ஏற்றினார். இன்னும் ஒரு கிலோமீற்றர் போகவில்லை, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

இங்கே முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறோம். சூடு காட்டுகிற சென்சர் தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் வடிந்து அது வெறும் காற்றில் நின்றால் ஊசி கீழே இறங்கும். இன்ஜின் குளிர்ந்ததென்று அதற்கு அர்த்தமில்லை. அளக்கத் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். ஏற்றத்தில் ஊசி சிவப்புக்குப் போய்த் திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயம் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மழையில் முக்கால் மணி நேரம் ரோட்டில் கிடந்தார்கள். மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லொறிக்காரர் நிறுத்தி, வந்த வழியே வண்டியைத் திருப்பி, அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. ஆனால் அந்த லொறி வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த மேடையில் நாங்கள் வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்த ஞாயிறு பிரட்டுக்களத்தில் கூட்டம் கூடியது. எல்லோருக்கும் கோபம். கோபம் யார்மேல் திரும்பியது? சாரதி அண்ணன்மேல். "மீற்றரைப் பார்க்காமல் ஓட்டினான்." "வண்டியைக் கெடுத்தவன் கட்டட்டும்." குழுவில் இருந்த நாங்களும் அதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறோம், அவரை நிறுத்திவிடுவது என்ற தீர்மானத்தை எழுதவே தொடங்கிவிட்டோம்.

அப்போது குழுவின் பொருளாளர் அக்கா எழுந்தார். கொழுந்து எடுக்கிற அக்கா. "கொஞ்சம் பொறுங்க, அண்ணன் ஒரு சாமான் கொண்டாந்திருக்காரு, அதப் பாத்துட்டு எழுதுங்க" என்றார். அண்ணன் லயத்துச் சுவரில் தொங்கின கலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பேனையால் சின்னக் கோடுகள். ஒரு கோடு என்றால் ரேடியேட்டருக்கு ஒரு போத்தல் தண்ணீர். ஏப்ரலில் மூன்று நாளைக்கு ஒரு கோடு. மே மாதம் தினம் ஒரு கோடு. ஜூலையில் நாளைக்கு மூன்று கோடு. சில திகதிகளில் வட்டம் போட்டிருந்தார். அவை குழுவிடம் வந்து சொன்ன நாட்கள். ஆறு வட்டம் இருந்தது.

ஆறு தரம் சொல்லியிருக்கிறார். "வண்டி தண்ணி குடிக்குதுங்க, என்னன்னு பாக்கணும்." ஆறு தரமும் நாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "இப்போதைக்கு ஊத்தி ஓட்டுங்கண்ணே, அடுத்த மாசம் பாப்போம்."

தோழர்களே, இந்தப் பதிலை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் வருகிற பதில் இதுதானே? மலையில் கால் வழுக்குகிறது, படி வெட்டிக் கொடுங்கள் என்றால் வருகிற பதில் இதுதானே? பிறகு ஒருத்தர் விழுந்து கால் உடைந்தால், "கவனமாக நடந்திருக்க வேண்டும்" என்று தொழிலாளி தலையிலேயே கட்டுவார்கள். அதற்கு எதிராகத்தான் சங்கம் கட்டினோம். எங்கள் கையில் ஒரே ஒரு வண்டியும் அதற்கு ஒரு சாரதியும் வந்ததும், அதே வேலையை அச்சுப் பிசகாமல் நாங்களும் செய்திருக்கிறோம். அந்தத் தீர்மானத் தாளைக் கிழித்தோம். கூட்டத்தின் முன்னால் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டோம். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் போன கராஜில், "இன்ஜின் முடிந்தது, ரீகண்டிஷன் இன்ஜின் ஒன்று போடுங்கள்" என்றார்கள். கேட்ட தொகை எங்களிடம் இருந்ததைப் போல ஐந்து மடங்கு. 2022இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாவுக்கு இருந்த டொலர் 350ஐத் தாண்டியதை நீங்கள் அறிவீர்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியும் அப்போது திறக்கவில்லை. அதனால் பழைய வண்டிக்கும் விலை, பழைய இன்ஜினுக்கும் விலை. வேறு இன்ஜின் போட்டால் இன்ஜின் இலக்கத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பதியாமல் ஓட்டினால் நாளைக்கு ஒரு விபத்தில் காப்புறுதி கேட்கும்போது சிக்கல்தான்.

பெக்டரியில் முப்பது வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் மேல் டிவிசனில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டோம். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கலண்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "தண்ணி எங்க போச்சுன்னு தெரியாம இன்ஜின மாத்துனா, புது இன்ஜினும் அதே தண்ணியத்தான் குடிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

தண்ணீர் மூன்று வழியாகப் போகலாம். வெளியே ஒழுகலாம். ஒயிலோடு கலக்கலாம். சிலிண்டருக்குள் போய்ப் புகையாக வெளியே வரலாம். வெளியே ஒழுக்கு பெரிதாக இல்லை. ஒயில் மூடியைத் திறந்தபோது அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் கூழ் பிடித்திருந்தது. ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒயிலை வடித்து மாற்றி, கையால் சுற்றிப் பார்த்தோம். நல்ல காலம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. பிறகு கொம்பிரஷன் பார்த்தோம். ஒன்றாம், நான்காம் சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. நடுவில் இருக்கிற இரண்டும் மூன்றும் பாதிக்குப் பாதி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்தால், இடையில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஹெட்டைக் கழற்றினோம். கேஸ்கட் நடுவில் கருகிப் பிளந்திருந்தது. நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் பீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.25 மில்லிமீற்றர் தகடு தாராளமாக நுழைந்தது. கொப்பித் தாள் இரண்டு மூன்றின் தடிப்புத்தான். ஆனால் ஹெட்டுக்கு அது பெரிய வளைவு. லேத் பட்டறையில் காற்று அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் சிலிண்டர் பக்கத்திலிருந்து குமிழி வந்தது. வெடிப்பு. வளைவு மட்டும் என்றால் சீவிச் சமப்படுத்திப் போட்டிருக்கலாம். தண்ணீர்ப் பாதை வரைக்கும் வெடித்த ஹெட்டை நம்பி ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற முடியாது. ஹெட்டை மாற்ற முடிவெடுத்தோம். வெறும் ஹெட் மட்டும் வாங்கி, நம்முடைய வால்வுகளையே அரைத்துப் போட்டோம்.

பூட்டும்போது அவசரப்படாதீர்கள். இந்த வகை இன்ஜினுக்குக் கேஸ்கட் ஒரே தடிப்பில் வருவதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிப்பை எடுக்க வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டால் ஒன்று கொம்பிரஷன் குறையும், அல்லது பிஸ்டன் முட்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே, கட்டம் கட்டமாக, டோர்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். "கை அளவு தெரியும்" என்று சொல்கிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இது வரைக்கும் உடைந்ததைச் சரி செய்தோம். பெரியவர் இதோடு விடவில்லை. "ஹெட்டு வெடிச்சது நோயில்ல, சாவு. நோய் எங்கன்னு தேடுங்க" என்றார். தேடினோம். ஒன்றில்லை, நான்கு இருந்தது.

ஒன்று, ரேடியேட்டர். வருஷக்கணக்காகப் பீலித் தண்ணீரையே ஊற்றியிருக்கிறோம். துருவும் சேறும் சேர்ந்து பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. மூடியின் ஸ்பிரிங்கும் செத்திருந்தது. மலையில் இது இரட்டை ஆபத்து. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை 20 பாகைக்கு மேல் உயர்த்துகிறது. மூடி செத்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கொழும்பில் கொதிக்காத வண்டி நம்ம மலையில் கொதிக்கும். கொழும்புக்காரர் சொல்கிற அளவை அப்படியே நம்பி இங்கே ஓட்ட முடியாது.

இரண்டு, காற்றாடி. இந்த வண்டியில் காற்றாடியின் நடுவில் சிலிக்கன் ஒயில் அடைத்த ஒரு கப்ளிங் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றினால் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்முடையது பம்பரம் மாதிரிச் சுற்றியது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று காப்பாற்றும். ஏற்றத்தில் முதலாம் கியரில் ஊர்ந்தால் காற்றே கிடையாது.

மூன்று, தர்மோஸ்டாட் இல்லவே இல்லை. முன்பு ஒரு கராஜில் "மலை வண்டிக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் நம்ம பக்கத்தில் எங்கும் இருக்கிறது. தர்மோஸ்டாட் திறக்கும்போது தண்ணீரைக் குறுக்கு வழியில் போகவிடாமல் அடைக்கிற அமைப்பும் பல இன்ஜின்களில் அதோடேயே வருகிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் போகும். காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும். ஏற்றத்தில் கூடுதலாகச் சூடேறும். இரண்டு பக்கமும் நட்டம்.

நான்கு, டீசல் பம்பில் இருக்கிற ஸ்க்ரூ. இதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "வண்டி இழுக்கவில்லை" என்று யாரோ கேட்டதற்கு, யாரோ ஒரு பாஸ் பம்பின் பின்னால் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார். நுவரெலியா உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிது. டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெலிந்த காற்றைத்தான் மூச்சு வாங்கும். காற்று குறைந்த இடத்தில் டீசலைக் கூட்டினால் எரியாத பங்கு கறுப்புப் புகையாகப் போகும். பெட்ரோல் இன்ஜினில் எண்ணெய் குறைந்தால் சூடு என்பார்கள். டீசல் இன்ஜினில் எண்ணெய் கூடினால்தான் சூடு. வண்டி கொஞ்சம் இழுத்தது உண்மை. அந்த இழுவைக்கான விலையை ஹெட் கொடுத்தது.

இந்த நான்கையும் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அன்றைய பிரச்சினையை அன்றைக்கு முடித்தார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவருக்குச் சொல்லவில்லை. நான்கும் ஒன்றாக ஒரு மழை ராத்திரியில் வந்து நின்றன.

இனி மாற்றங்களைப் பற்றி. எங்கள் இளைஞர்கள், "எப்படியும் ஹெட்டைக் கழற்றியாச்சு, ஒரு டர்போவும் சேர்த்துப் போடுவோம்" என்றார்கள். மெலிந்த காற்றுக்கு டர்போ மருந்துதான், அவர்கள் சொன்னதில் அறிவில்லாமல் இல்லை. ஆனால் இந்த இன்ஜினின் அமுக்க விகிதம் 22க்கு 1 என்கிற அளவில் இருக்கிறது. டர்போவுக்கென்று தொழிற்சாலையில் செய்கிற இன்ஜின்களில் வழக்கமாக அந்த விகிதத்தைக் குறைப்பார்கள். பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஒயில் தெளித்துக் குளிர வைப்பார்கள். இவை இல்லாத முப்பது வயது இன்ஜினில் டர்போவை மட்டும் மாட்டுவது, வயதான கிழவரைத் தட்டிக்கொடுத்து மலையில் ஓடவிடுவது மாதிரி. இரண்டு கூட்டம் இதைப் பற்றியே நடந்தது. கடைசியில் வாக்கெடுத்தோம். டர்போ வேண்டாம் என்று முடிவானது. "வேகமா போற வண்டி வேணாம், போய்ச் சேர்ற வண்டி போதும்" என்று மாதர் சங்கத்து அக்கா ஒருவர் சொன்னது எடுபட்டது.

அதற்காக மாற்றமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டபோது ஒரு வரிசைக் குழாய் கூட்டிப் போட்டோம். புதிய மூடி, புதிய தர்மோஸ்டாட், புதிய காற்றாடிக் கப்ளிங். பீலித் தண்ணீரை நிறுத்திச் சுத்தமான தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. டீசல் பம்பைப் பம்ப் பட்டறையில் கொடுத்து, மெஷினில் ஏற்றி, அளவுக்குக் கொண்டுவந்தோம். டீசலில் தண்ணீரைப் பிரிக்கிற பில்டர் ஒன்றைக் கூடுதலாகப் பூட்டினோம். இந்தப் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலேதான் எண்ணெய். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்ப் தேய்ந்துபோகும். 2022இல் வரிசையில் நின்ற காலத்தில் சிலர் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். அதன் பலனைப் பம்ப் பட்டறைக்காரர்கள் இன்றைக்கும் பார்க்கிறார்கள்.

டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். தெரியாத பெல்ட் என்றால் அறுந்த பெல்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பெருமையான மாற்றம் ஒன்று உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து 11ஆம் தரப் பிள்ளைகள் செய்தது. விஞ்ஞானப் பாடத்தில் டிரான்சிஸ்டரை ஆளியாகப் பயன்படுத்துவதைப் படிக்கிறார்கள். அதை வைத்து ஒரு எச்சரிக்கை மணி செய்தார்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் உடம்பைத் தொடாதபடி ஒரு ஸ்டெய்ன்லெஸ் ஆணி. தண்ணீர் ஆணியைத் தொட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் மணி அடங்கியிருக்கும். தண்ணீர் இறங்கினால் சாரதியின் காலடியில் மணி கத்தும். ஊசி பொய் சொல்கிற நேரத்தில் இது உண்மை சொல்லும். செலவு ஒரு நாள் சம்பளத்துக்கும் குறைவு. எப்படிச் செய்வது என்ற படத்தை வெளியே மேசையில் வைத்திருக்கிறோம், எடுத்துப் போங்கள்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். பொருளாளர் அக்கா ஒரு சட்டம் போட்டார்: "பழைய சாமானைக் கொண்டாந்து காட்டினாத்தான் புது சாமானுக்குக் காசு." வெடித்த ஹெட், கருகிய கேஸ்கட், பழைய பெல்ட் எல்லாவற்றையும் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு அடுக்கி வைத்தோம். பக்கத்தில் பற்றுச்சீட்டு. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வாங்கிய காலத்தில் கொடுத்த பணம் அது. 2024இல் அது 1,350 ஆனது, அதற்கும் எவ்வளவு போராடினோம் என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்தவர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மிச்சத் தொகையைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

இப்போது வண்டியில் ஒரு கொப்பி இருக்கிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர், ஒயில், பெல்ட், அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து சாரதி எழுதுவார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது, கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இவை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே எங்களுக்கான சட்டம்: சாரதி ஒரு குறையை எழுதினால் மூன்று நாளைக்குள் குழு பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "அடுத்த மாசம் பாப்போம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி ஓடக்கூடாது என்று சாரதி எழுதினால் வண்டி ஓடாது. தலைவர் சொன்னாலும் ஓடாது.

பதிவின் மதிப்பை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். போட்டார்களா என்று கேட்கச் சம்பளச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அரைப்பேர் போட்டால் எதிர்த்துக் கேட்க எடுத்த கிலோ எழுதியிருக்க வேண்டும். அண்ணனின் கலண்டர் இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு தொழிலாளியின் வேலையைப் பறித்த குற்றம் ஒரு தொழிற்சங்கத்தின்மேல் இருந்திருக்கும்.

வண்டி திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து அதே ஏற்றத்தைப் பல தரம் ஏறிவிட்டது. ஒரு தரம் நடு ரோட்டில் மணி கத்தியது. நிறுத்திப் பார்த்தால் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது. இறுக்கி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் எங்களுக்குப் பயம் இருக்கிறது. பழைய வண்டி பழைய வண்டிதான். நம்ம கல் பாதை செப்பனிடப்பட வேண்டும், அம்புலன்ஸ் லயத்து வாசல் வரைக்கும் வர வேண்டும் என்ற கோரிக்கையை வண்டி ஓடுகிறது என்பதற்காக விட்டுவிடப் போவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே நிற்கிற ஆறு வண்டிகளின் பொனட்டையும் திறக்கிறோம். அவரவர் வண்டியை அவரவர் சாரதியே முதலில் சொல்லட்டும். எது கொதிக்கிறது, எது புகைக்கிறது, எதை எத்தனை தரம் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று சொல்லட்டும். குழுக்காரர்கள் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் நாம் வாயைத் திறக்க வேண்டாம்.